கசெற்றில் அனுப்பிய குரல்

போன மாதம் மகள் வீடு மாறியபோது பழைய சூட்கேஸ் ஒன்றின் அடியில் ஒரு கசெற் கிடைத்தது. அதன் மட்டையில் எனது கையெழுத்து: 'பிள்ளைக்கு, தை 1991.' போட்டுக் கேட்க வீட்டில் எதுவும் இல்லை. ஈஸ்ற்ஹாமில் பழைய சாமான்கள் விற்கும் கடையொன்றில் ஐந்து பவுணுக்கு ஒரு ரேப் றெக்கோடர் வாங்கி வந்தேன். ஏழு மாதப் பேத்தி என் மடியில் இருக்க, மூன்று பேருமாகக் கேட்டோம்.

அம்மா சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும், பொய் சொல்லக் கூடாது, வடிவாகப் படிக்க வேண்டும், அப்பா கெதியில் உங்களைக் கூப்பிடுவேன். இப்படியே இருபது நிமிடம். பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை முடித்து வந்து, நாலு பேர் படுத்திருந்த அறையில், போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசிப் பதிந்த குரல் அது. அதைக் கேட்க வேண்டியவளுக்கு அப்போது பதினொரு மாதம்.

மகள் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு எனக்கு ஞாபகமில்லை அப்பா. ஆனா உங்கட குரல் இப்பிடி இருக்கேல்லை. இழுபட்டு இழுபட்டுத்தான் வரும்."

காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. 1990 ஆனியில் போர் மீண்டும் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சனங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்டார்கள். எங்கள் வீட்டில் சுற்றியவர் என் மனைவியின் தம்பி. அவருக்குக் கை உளைந்தால் மோட்டார் மெதுவாகும், என் குரலும் இழுபடும். குரல் இழுபடும்போதெல்லாம் மகள் மாமாவைப் பார்த்துச் சிரிப்பாளாம். அவர் வேண்டுமென்றே மெதுவாகவும் வேகமாகவும் சுற்றிக் காட்டுவாராம். அவளுடைய நினைவில் தங்கியது அந்த விளையாட்டு. தகப்பன் அதில் ஒரு சத்தம் மட்டுமே.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடாமல் குடைகிறது. ஒரு குழந்தைக்கு நாம் எதைக் கடன்பட்டிருக்கிறோம்? உணவு, பாதுகாப்பு, படிப்பு என்று வழக்கமான பட்டியல் ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. தாலாட்டும், தூக்கி ஆட்டுவதும், முகத்தோடு முகம் வைத்துக் கதைப்பதும் அந்தப் பட்டியலில் சேருமா? அவை கடமை என்றால், அவற்றைச் செய்ய முடியாமற் போனவர்கள் குற்றவாளிகளா?

*

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய ஒரு பாட்டு கடமைகளை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது. பெற்று வளர்ப்பது தாய்க்கு, நிறைவான மனிதனாக்குவது தந்தைக்கு, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு, நன்னடை கொடுப்பது வேந்தனுக்கு. யானையை வென்று மீள்வது மகனுக்கு. எமது போர்க்காலத்தில் இந்தப் பாட்டை மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறோம். அதிலே தந்தைக்கு வரும் முறை பிந்தியது. பிள்ளைக்குச் சொல் விளங்கிய பிறகுதான் அவனுடைய வேலை தொடங்குகிறது. நான் பதினொரு மாதக் குழந்தைக்குப் புத்திமதி அனுப்பியது முட்டாள்தனமாக இருக்கலாம். ஆனால் தகப்பன் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது அவ்வளவுதான்.

இத்தனைக்கும் குழந்தையின் உடம்பை எங்கள் புலவர்கள் அளவுக்குக் கூர்ந்து பார்த்தவர்கள் குறைவு. பிள்ளைத்தமிழின் பருவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலை மடக்கி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையைத் தூக்கி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதத்துக்குரியது. தால் ஏழாம் மாதம். கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம். நடந்து வரக் கூப்பிடும் வருகை ஒரு வயதைத் தாண்டிய பிறகு. அதன்பின் நிலாவைக் காட்டும் அம்புலி. இங்கே குழந்தை பிறந்ததும் கையில் தருகிற சிவப்புப் புத்தகத்திலும் ஏறக்குறைய இதே வரிசைதான் இருக்கிறது: தலை தூக்குதல், இருத்தல், கை தட்டுதல், நடத்தல். தால் என்றால் நாக்கு. நாவை அசைத்து எழுப்பும் ஒலியால் குழந்தையை ஆட்டுவது தாலாட்டு. பாட்டும் அசைவும் எங்கள் சொல்லுக்குள்ளேயே ஒன்றாகக் கிடக்கின்றன.

ஒன்பதாம் நூற்றாண்டில் பெரியாழ்வார் யசோதையாக மாறிக் கண்ணனைத் தொட்டிலில் இட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பிள்ளையாக்கிப் பாடினார். ஆண்கள் ஏட்டிலே தாயானார்கள், பாடப்பட்டது கடவுளும் அரசனும். வீட்டுத் திண்ணையில் அழுத குழந்தையை "இந்தா, பிடி" என்று பெண்ணிடம் நீட்டியவர்களும் அதே ஆண்கள்தான். என் தகப்பனார் தேவாரத்தைப் பண் பிசகாமல் பாடுவார். எங்களில் ஒருவரையும் அவர் தாலாட்டியதாக அம்மா சொல்லி நான் கேட்டதில்லை.

*

குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றிய இன்றைய அறிவில் பெரும்பங்கு நான் வாழும் இந்த நகரத்தில் உருவானது. அது இடம்பெயர்விலிருந்து உருவானது என்பதைப் பிந்தித்தான் அறிந்துகொண்டேன். 1939 புரட்டாதியில், குண்டுவீச்சுக்கு அஞ்சி, பிரித்தானிய நகரங்களிலிருந்து சில நாட்களுக்குள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். அந்த மார்கழியில் ஜோன் போல்பி, டொனால்ட் வினிக்கொற் உள்ளிட்ட மூன்று மருத்துவர்கள் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மிகச் சிறிய பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரிப்பது உயிரைக் காத்தாலும் மனதுக்குப் பெரிய கேடு செய்யக்கூடும் என்பது அவர்களுடைய எச்சரிக்கை. 1941 இல் ஹம்ஸ்ரெட்டில் போர்க்காலக் குழந்தைகள் இல்லங்களைத் தொடங்கியவர்களில் ஒருவர் அன்னா பிராய்ட். அவரே 1938 இல் வியன்னாவிலிருந்து தப்பி வந்த அகதி. குழந்தைகளை மொத்தமாகப் பராமரித்தபோது அவர்கள் வாடுவதைக் கண்டு, சிறு சிறு 'குடும்பங்களாக'ப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வளர்ப்புத்தாயை அங்கே நியமித்தார்கள்.

1951 இல் உலக சுகாதார நிறுவனத்துக்காகப் போல்பி எழுதிய அறிக்கை, தாயின் அணைப்பு குழந்தையின் மனநலத்துக்கு எவ்வளவு அவசியம் என்பதை உலகுக்குச் சொன்னது. போல்பி செவிலியிடம் வளர்ந்தவர். ஏறக்குறைய நாலு வயதில் அந்தச் செவிலி வீட்டை விட்டுப் போனபோது தாயை இழந்தது போன்ற துயரை அறிந்தவர். ஆனால் அந்த அறிவு பலருடைய கையில் பெண்களை வீட்டுக்குள் அடைக்கும் கோலாகவும் மாறியது. இரண்டு வேலை செய்யும் அகதித் தாய் குழந்தையை விட்டுவிட்டுப் போகும்போது நெஞ்சில் சுமக்கும் குற்றவுணர்வுக்கு அந்தக் கோலும் ஒரு காரணம்.

1964 இல் வெளியான ஓர் ஆய்வு வேறொரு படத்தைக் காட்டியது. கிளாஸ்கோ நகரின் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஷாபரும் எமர்சனும், பதினெட்டு மாதமளவில் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டோருடன் பிணைப்புக் கொண்டிருப்பதைக் கண்டார்கள். தகப்பன், பாட்டி, பக்கத்து வீட்டார் எனப் பலர் அதில் இருந்தார்கள். யார் அதிக நேரம் கூட இருந்தார், யார் சோறூட்டினார் என்பதைவிட, குழந்தை எழுப்பும் சைகைக்கு யார் உடனே மறுமொழி கொடுத்தார் என்பதே அங்கே முக்கியமாயிருந்தது.

மறுமொழி என்ற சொல்லில்தான் இந்த விடயத்தின் முடிச்சு இருப்பதாக எனக்குப் படுகிறது. 1980 இல் டிகாஸ்பரும் பைபரும் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் தாயின் குரலை வேறு பெண்களின் குரலிலிருந்து பிரித்தறிந்து விரும்புவதைக் காட்டினார்கள். 1999 இல் ஸ்ரீபன் மலொக், எடின்பரோவைச் சேர்ந்த கொல்வின் ட்ரெவார்த்தனின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆறு வாரக் குழந்தையும் தாயும் 'கதைப்பதில்' தாளமும் சுருதியும் முறைமாறி வருவது அங்கே தெரிந்தது. தாய் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் பொறுத்திருக்கிறாள், குழந்தை 'ங்கா' என்கிறது, தாய் அதே சுருதியிலிருந்து தொடர்கிறாள். 2005 இல் கனடாவில் ஏழு மாதக் குழந்தைகளுக்கு ஒரே தாளத்தைக் கேட்கவிட்டு, சிலரை இரண்டாவது தட்டிலும் சிலரை மூன்றாவது தட்டிலும் தூக்கி ஆட்டினார்கள். பிறகு அவர்கள் விரும்பிக் கேட்டது தங்கள் உடம்பு ஆடிய கணக்கிலான தாளத்தை. தாளத்தை உள்வாங்குவதில் காதுக்கு உடம்பும் துணை நிற்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

*

இப்படியான செய்திகளைக் கேட்டவுடன் எம்மவர்களுக்கு வரும் முதல் ஆசை என்னவென்று நமக்குத் தெரியும். பிள்ளையின் மூளை வளரும் என்றால் உடனே செய்வோம்! 1993 இல் ஓர் அமெரிக்க ஆய்வு, மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட 36 கல்லூரி மாணவர்கள் ஒருவகைச் சோதனையில் சிறிது நேரத்துக்குக் கூடிய புள்ளி எடுத்ததாகச் சொன்னது. அதிலே குழந்தை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 1998 இல் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டுக் கொடுக்க 1,05,000 டொலர் கேட்டார். அந்த வியாபாரம் இன்றும் நடக்கிறது. நாலு வயதில் ரியூசன் தொடங்கிய எங்கள் சமூகத்தில் இப்போது வயிற்றுக்கு மேலே ஹெட்போன் வைக்கிறார்கள்.

இதிலே தவறு என்ன? அறிவியல் பிழை என்பது சின்னத் தவறு. குழந்தையை முதலீடாகப் பார்ப்பதே தவறு என்று சொல்லிவிடலாம். ஆனால் அது எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஊரில் தாலாட்டிய தாய்மார் மட்டும் பலன் பாராமலா பாடினார்கள்? பிள்ளை நித்திரை கொண்டால்தான் அடுப்பு எரியும். புருசன் மீதான குறையை, மாமியார் மீதான ஆத்திரத்தை, சீதனத்தின் பாரத்தை அவர்கள் அந்தப் பாட்டுக்குள் கொட்டினார்கள். தங்கள் தேவைக்காகவும் பாடினார்கள். ஆகவே தேவையோடு பாடுவது பாவமில்லை.

வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. குழந்தை கொட்டாவி விட்டால் தாயின் பாட்டு மெதுவாகும். சிணுங்கினால் அவள் சொல்லை மாற்றுவாள், கண் மூடினால் பாட்டு முனகலாகும். இசைத்தட்டு எதற்கும் மாறாது. பாட்டினால் குழந்தைக்குக் கிடைப்பது இசை மட்டுமில்லை. 'நான் ஒன்று செய்தால் உலகம் அதற்கு ஏதோ ஒன்று திருப்பிச் செய்கிறது' என்ற முதல் நம்பிக்கையும் அதோடு கிடைக்கிறது. இதைத்தான் குழந்தைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். அதற்குக் குரல் வளமோ சங்கீத ஞானமோ வேண்டாம். குழந்தையின் முறை வரும்போது பொறுத்திருக்கத் தெரிந்தால் போதும்.

என் கசெற்றிலும் இல்லாதது அதுவே. அது நிற்கவில்லை, பொறுக்கவில்லை. சைக்கிளைச் சுற்றிய கைதான் அவளுக்கு மறுமொழி கொடுத்தது.

*

இனி குற்றத்துக்கு வருகிறேன். 1990 புரட்டாதியில் நான் வெளிக்கிட்டபோது அவளுக்கு ஏழு மாதம். தெரிந்த முகம், தெரியாத முகம் என்று குழந்தைகள் பிரித்தறியத் தொடங்கும் காலம். அவர்களும் வந்து சேர்ந்தது 1997 இல். இடையில் 1995 ஐப்பசி 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அந்த ஐந்து வயதுப் பிள்ளையைச் சைக்கிள் பாரில் இருத்தித் தென்மராட்சி வரைக்கும் உருட்டிக்கொண்டு போனவரும் அதே மாமாதான். செல் சத்தத்தைவிட அந்தச் சைக்கிளின் 'ரிக் ரிக்' சத்தமும், மாமா மூக்கால் முனகியதுமே தனக்கு நினைவிருப்பதாக மகள் சொல்கிறாள். தாலாட்டுகளில் தாய்மாமனை ஏன் அத்தனை முறை கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

நான் போகாமல் இருந்திருக்கலாமா? இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பேனா என்பதே சந்தேகம். அவர்களையும் கூப்பிட்டிருக்க முடியாது. நண்பர்கள் இதைச் சொல்லித்தான் ஆறுதல்படுத்துகிறார்கள்: "நீ செய்தது பிள்ளைக்காகத்தானே." உண்மை. ஆனால் இந்த ஆறுதலுக்குள் ஒரு கள்ளம் ஒளிந்திருக்கிறது. வேறு வழியில்லாமற் செய்தது குற்றமாகாது. அதற்காக இழப்பு இழப்பில்லை என்றாகாது. என் பக்கத்தில் நியாயம் இருப்பதால் அவளுடைய பக்கத்தில் ஏழு வருடம் நிரம்பிவிடாது. எங்கள் தலைமுறை ஆண்கள் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டோம். 'உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டேன்' என்று பிள்ளைகளிடம் கணக்குக் காட்டினோம். அவர்கள் எங்களிடம் கேட்டது கணக்கை அல்ல.

விட்டதைத் திருத்த முடியுமா? 1970களில் எட் ட்ரோனிக் செய்த பரிசோதனை ஒன்று பிரபலமானது. விளையாடிக்கொண்டிருந்த தாய் திடீரென முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்வாள். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் அவருடைய பிந்திய ஆய்வுகளையும் அறிய வேண்டும். நல்ல பிணைப்புள்ள தாயும் குழந்தையும்கூட மூன்றில் ஒரு பங்கு நேரமளவே ஒருவரோடொருவர் ஒத்திசைகிறார்கள். மிச்ச நேரமெல்லாம் பிசகுவதும் மீண்டும் பொருந்துவதுமாகவே போகிறது. பிசகாமல் இருப்பது எவராலும் முடியாது, பிசகிய பின் திரும்பி வருவதே முக்கியம். பிள்ளைப்பேற்றின் பின் மனம் சோர்ந்து, பாட வாய் வராமல் இருக்கும் எங்கள் பெண்களுக்கு இதை யாராவது தமிழில் சொல்ல வேண்டும். இங்கே அவர்களுக்குப் பத்தியச் சோறு போட ஒரு தாயோ, பிள்ளையை வாங்கி வைத்திருக்க ஒரு அயலோ இல்லை.

ஆனால் ஒரு நிமிடப் பிசகும் ஏழு வருடமும் ஒன்றல்ல. பேத்தியைத் தாலாட்டி மகளின் கடனை அடைக்கலாம் என்று சில காலம் நினைத்திருந்தேன். அது இன்னொரு கள்ளக் கணக்கு. ஒருவருக்குப் பட்ட கடனை இன்னொருவருக்குக் கட்ட முடியாது. பேத்திக்குக் கொடுப்பது பேத்திக்குரியது. மகளுக்கு நான் கொடுக்கக்கூடியது, தகப்பன் என்ற இடத்தில் நான் இல்லாதபோது அங்கே இன்னொருவர் இருந்தார் என்பதை மனம் கோணாமல் ஒப்புக்கொள்வது மட்டுமே. பேத்தி பிறந்தபோது அவள் முதலில் வீடியோவில் காட்டியது கொக்குவிலில் இருக்கும் மாமாவுக்கு. அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. கசெற்றைக் கேட்ட பிறகு அந்தச் சுருக்கு அடங்கிவிட்டது. பிணைப்பு என்பது ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைந்துபோகும் சொத்து என்று நினைத்திருந்தது என்னுடைய பிழை.

*

செவ்வாய்க்கிழமைகளில் பேத்தியை எங்கள் பகுதி நூலகத்துக்குக் கொண்டுபோகிறேன். காசில்லாத பாட்டு வகுப்பு. சோமாலியப் பெண்கள், வங்காளப் பெண்கள், போலந்துக்காரர் என்று எல்லோரும் நிலத்தில் வட்டமாக இருந்து, படகு வலிக்கும் ஆங்கிலப் பாட்டுக்குக் குழந்தைகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். அந்த வட்டத்தில் பெரும்பாலும் நான் ஒருவன்தான் கிழவன். முதல் நாள் வெட்கமாயிருந்தது. பாட்டின் சொல் ஆங்கிலம்தான், ஆனால் குழந்தை கையூன்றித் தலை தூக்கி ஆடியது செங்கீரை, கை கொட்டப் பார்த்தது சப்பாணி.

வீட்டில் ஏணை கட்ட வளை இல்லை. இருந்தாலும், குழந்தையைத் தட்டையான உறுதியான படுக்கையில் மல்லாத்தித்தான் படுக்கவைக்க வேண்டும் என்று தாதி சொல்லிவிட்டார், அது சரியும்தான். ஆகவே நித்திரை வரும்வரை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு நடக்கிறேன். தூக்கிக்கொண்டு இருப்பதைவிடத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது சிறு குழந்தைகளின் இதயத்துடிப்பு இறங்கி அமைதியாவதை 2013 இல் ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. எங்கள் ஆச்சிமாருக்கு அது ஆய்வில்லாமலே தெரியும்.

எனக்குப் பாட்டு ஒன்றும் முழுதாகத் தெரியாது. ஏதோ முனகுகிறேன். போன வெள்ளிக்கிழமை இரவு அவள் நித்திரை கொள்ளாமல் நெளிந்துகொண்டிருந்தாள். மகள் கதவடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மெல்ல நடவுங்கோ அப்பா," என்றாள். "மாமா இன்னும் மெல்லத்தான் உருட்டுவார்."

நான் நடையைக் குறைத்தேன்.